கோடை கேம் முகாம் நடத்தினால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாணவர்கள் வருவார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன், ஜூலையில் அமெரிக்கக் கல்லூரிகளின் கம்ப்யூட்டர் லேப்கள் காற்று வாங்கும். அந்த நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து ஒரு வாரம் கம்ப்யூட்டர் கேம் செய்யக் கற்றுத்தருவதும், அதன் வழியாகப் பின்னாளில் பட்டப்படிப்புக்கு ஆள் சேர்க்கப் பார்ப்பதும் அங்கே சுமார் இருபது வருடப் பழக்கம். அங்கே ஆசிரியர்களாக இருக்கும் நம்மவர்கள், முகாமில் உதவிக்குப் போகும் மாணவர்கள், பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர் எனப் பலரும் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் முகாம் நடத்துகிறவர் பக்கத்திலிருந்துதான்.

கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போய் ஆள் பிடிக்க வேண்டுமா? எப்போது வந்தது இந்த நிலைமை?

டாட்காம் குமிழி (இணையக் கம்பெனிப் பங்குகளின் அதீத ஏற்றம்) உடைந்த பிறகு. 2000-க்கு முன்னால் வகுப்பில் உட்கார இடம் இருக்காது. அதன் பிறகு என்ன ஆனது என்றால், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கப் போகிறேன் என்று சொல்லும் முதலாண்டு மாணவர்களின் விகிதம் 2000-க்கும் 2004-க்கும் இடையே அறுபது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பங்குச்சந்தையில் பணத்தைத் தொலைத்த பெற்றோர் ஒரு பக்கம், "எல்லா வேலையும் பெங்களூருக்கும் சென்னைக்கும் போகிறது, இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்" என்ற பேச்சு இன்னொரு பக்கம். துறைகள் பயந்துவிட்டன. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையும் இந்தப் படிப்புக்குள் வராதவர்களை உள்ளே கொண்டுவருவதற்கென்றே தனியாக நிதி ஒதுக்க ஆரம்பித்தது. கேம் முகாம்கள் பெருகியது அந்தக் காலத்தில்தான்.

2010-க்குப் பிறகு கூட்டம் திரும்பி வந்துவிட்டது, அதுவும் தாங்க முடியாத அளவுக்கு. ஆனாலும் முகாம்கள் நிற்கவில்லை, ஏனென்றால் கூட்டம் வந்ததே தவிர வந்தவர்கள் அதே ஆட்கள்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

நம்ம ஊரில் கவுன்சலிங்கில் முதலில் நிரம்புவதே இந்த சீட்தானே? அங்கே மட்டும் ஏன் கெஞ்ச வேண்டும்?

சரியான கேள்வி. தமிழ்நாட்டில் பதினேழு வயதில் பெற்றோரும் கட் ஆஃப்பும் சேர்ந்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் பல கல்லூரிகளில் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் கழித்துகூட மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, மாற்றலாம். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் வரமாட்டான், வந்தாலும் போய்விடுவான். ஆகவே பன்னிரண்டு, பதிமூன்று வயதிலேயே "இது எனக்கும் வரும்" என்று தோன்ற வைப்பது அங்கே துறையின் வேலைகளில் ஒன்று.

சரி, ஏன் கேம்? ரோபோ, வெப்சைட் எல்லாம் ஆகாதா?

ஆகும், நன்றாகவே ஆகும். ஆனால் கேமில் ஒரு வசதி இருக்கிறது: தப்பு நடந்தால் பிள்ளைக்கு உடனே தெரியும், யாரும் வந்து சிவப்பு மை போட வேண்டாம்.

ஒரு உதாரணம். முதல் நாள் எல்லோரும் செய்வது, மேலிருந்து விழும் ஆப்பிளைக் கூடையில் பிடிக்கும் கேம். ஸ்கிராட்ச் என்பது கட்டளை பிளாக்குகளை இழுத்து அடுக்கிப் புரோகிராம் செய்யும் மென்பொருள். அதில் திரையின் அகலம் -240 முதல் 240 வரை, உயரம் -180 முதல் 180 வரை. ஆப்பிளை விழவைக்க y மதிப்பைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், அதை ஒரு முடிவில்லாத லூப்புக்குள் (திரும்பத் திரும்பச் சுற்றும் கட்டளைக்குள்) போடுவார்கள். அதே லூப்பில் "கூடையைத் தொட்டால் ஸ்கோரில் ஒன்று கூட்டு" என்ற பிளாக்கையும் வைப்பார்கள். ஓடவிட்டால் ஒரே ஒரு ஆப்பிளுக்கு ஸ்கோர் பதினேழு என்று எகிறும். பிள்ளைகளுக்கு முதலில் குஷி. அப்புறம் பக்கத்து சீட்டுக்காரனுக்குப் பதினொன்று வந்தது ஏன் என்று சண்டை.

விஷயம் என்னவென்றால், லூப் நொடிக்கு முப்பது தடவை சுற்றுகிறது, ஆப்பிள் கூடையைக் கடந்து போகும் வரை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடுகிறது. இதை நாம் சொல்லக் கூடாது. விட்டுவிட்டால் யாராவது ஒருத்தி "ஒரு நொடி காத்திரு" என்ற பிளாக்கைச் சொருகுவாள், உடனே ஆப்பிள் கூடைக்கு நடுவில் ஒரு நொடி தொங்கிக்கொண்டு நிற்கும். மறுபடி யோசனை. கடைசியில், தொட்ட உடனே ஆப்பிளைத் திரும்ப மேலே அனுப்பிவிட்டால் போதும் என்று கண்டுபிடிப்பார்கள். நிபந்தனை, லூப், வேரியபிள், வரிசை முக்கியம் என்ற புரிதல் எல்லாம் அந்த அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது. பிள்ளைகளை இழுப்பது கேம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என்னைக் கேட்டால் இந்தப் பதினேழைத் தானே ஒன்றாக்கியதுதான் இழுக்கிறது.

எந்த சாஃப்ட்வேரில் ஆரம்பிப்பது?

எட்டாம் வகுப்பு வரை ஸ்கிராட்ச், யோசிக்கவே வேண்டாம். எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007-ல் வெளியிட்டது, இலவசம், பிரவுசரில் ஓடும், நெட் சொதப்பினால் ஆஃப்லைனிலும் ஓடும்.

அதற்கு மேல் உள்ளவர்களுக்கு என் விருப்பம் பைகேம் ஜீரோ (பைத்தான் மொழியில் கேம் எழுத உதவுவது) அல்லது கோடோ (பைத்தான் சாயலுள்ள மொழியில் எழுதும் கேம் இன்ஜின், அதாவது கேம் செய்யும் மென்பொருள்). பைத்தான் எழுதுகிறோம் என்ற கெத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முக்கியம், ஸ்கிராட்ச் பூனையைப் பார்த்தால் "இது சின்னப் பசங்களுடையது" என்று முகம் சுளிப்பார்கள். கோடோ ஓப்பன் சோர்ஸ், டவுன்லோடும் சிறியது, பழைய லேப் கம்ப்யூட்டரிலும் 2டி கேமுக்குத் தாராளம். கேம்மேக்கரும் நல்லதுதான், 2023 நவம்பரிலிருந்து விற்பனைக்கு அல்லாத பயன்பாட்டுக்கு இலவசம்.

யூனிட்டி என்ற பெரிய கேம் இன்ஜின்தான் வேண்டும் என்று சில பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். ஒரு வாரத்தில் முதல் நாள் முழுக்க இன்ஸ்டால் செய்வதிலும் அக்கவுன்ட் திறப்பதிலும் போய்விடும். அதோடு ஒரு கம்பெனியை நம்பிப் பாடத்திட்டம் எழுதுவதில் ஆபத்து இருக்கிறது. பிரவுசரில் கேம் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளை வைத்துப் பாடம் எழுதியவர்கள், அது 2020 டிசம்பரோடு நிறுத்தப்பட்டதால், எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியிருந்தது. யூனிட்டியும் 2023 செப்டம்பரில் இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறிவித்து, ஊரே திட்டி, ஒரு வருடம் கழித்து வாபஸ் வாங்கியது.

கேம் என்று போஸ்டர் ஒட்டினால் பையன்கள்தானே வருவார்கள்?

ஆமாம், இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான்.

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இளங்கலைப் பட்டம் வாங்கியவர்களில் பெண்கள் 1984-ல் சுமார் 37 சதவீதம். அதுதான் உச்சம். பிறகு சரிந்து சரிந்து, கூட்டம் அலைமோதிய 2010-களில்கூட ஐந்தில் ஒரு பங்கு வாக்கில்தான் நின்றது. சும்மா "கேம் முகாம், வாங்க" என்று அறிவித்தால் வருவது யார்? வீட்டில் ஏற்கெனவே கேமிங் பிசி வைத்திருக்கும் பையன்கள். அவர்களில் பாதிப் பேர் முகாம் இல்லாவிட்டாலும் இந்தப் படிப்புக்கு வந்திருப்பார்கள். அப்படி ஒரு முகாம் நடத்திவிட்டு "எங்கள் முகாமுக்கு வந்த பலர் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தார்கள்" என்று ரிப்போர்ட் எழுதுவது, ரயிலில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்தவனிடம் டிக்கெட் விற்ற கதை.

இன்னொரு சங்கடம். உளவியல் ஆய்வாளர் சப்னா செரியனும் அவருடைய சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரி அறையை இரண்டு விதமாக அலங்கரித்தார்கள். ஒன்றில் ஸ்டார் டிரெக் போஸ்டர், வீடியோ கேம் சாமான்கள். இன்னொன்றில் இயற்கைக் காட்சிப் படம், டெலிபோன் டைரக்டரி மாதிரி சாதாரணப் பொருட்கள். இரண்டாவது அறையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேல் பெண்களின் ஆர்வம் கூடியது, ஆண்களின் அளவுக்கே வந்தது. அறைக்குள் யாரும் எதுவும் பேசவில்லை, பொருட்கள் மட்டும்தான் வேறு. இதைப் படித்த பிறகும் முகாம் அறை வாசலில் துப்பாக்கி ஏந்திய வீரனின் ஆளுயரக் கட்அவுட்டை வைப்பவர்களை என்ன சொல்வது?

அதற்காகக் கேமையே விட்டுவிடவும் தேவையில்லை, எந்த மாதிரி கேம் என்பதை அகலமாக வைத்தால் போதும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கெய்ட்லின் கெல்லஹர், ஆலிஸ் என்ற முப்பரிமாண மென்பொருளைக் கதை சொல்ல வசதியாக மாற்றினார்: பாத்திரங்கள் பேசும், நடக்கும், கட்டிப்பிடிக்கும். நடுநிலைப் பள்ளிப் பெண்களிடம் இரண்டையும் கொடுத்துப் பார்த்ததில், கதை வசதி உள்ளதைப் பயன்படுத்தியவர்கள் 42 சதவீதம் கூடுதல் நேரம் புரோகிராமிங்கில் செலவழித்தார்கள். இடைவேளையில் திருட்டுத்தனமாக வந்து வேலை செய்தவர்கள் 51 சதவீதம், பழைய ஆலிஸில் 16 சதவீதம்தான். எனக்கு இந்தத் திருட்டுத்தனக் கணக்குதான் ரொம்பப் பிடித்தது. எந்தக் கேள்வித்தாளும் அதைவிட உண்மை பேசாது.

பெண்களுக்கு மட்டும் தனி முகாம் வேண்டுமா என்றால், முதல் தடவை வருகிறவர்களுக்கு வேண்டும் என்பதே என் கருத்து. லைலா ஷபீர் 2014-ல் தொடங்கிய கேர்ள்ஸ் மேக் கேம்ஸ் என்ற பெண்பிள்ளைகளுக்கான கேம் முகாம் அந்த வழியில்தான் போகிறது.

அப்படியானால் யாரை, எப்படிக் கூப்பிடுவது?

இதற்கு நான் எப்போதும் காட்டுவது ஜார்ஜியா மாநிலத்தை. அட்லான்டாவில் உள்ள ஜார்ஜியா டெக்கில் பார்பரா எரிக்சனும் மார்க் குஸ்டியலும் 2006-ல் "ஜார்ஜியா கம்ப்யூட்ஸ்" என்ற திட்டத்தைத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியில் தொடங்கினார்கள். முகாமை ஒரே வளாகத்தில் வைத்துக்கொள்ளாமல், மாநிலத்தின் மற்ற கல்லூரிகளுக்கு விதைப் பணம் கொடுத்து, அவர்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ரோபோ மாதிரி சாமான்களைக் கடனாகவும் கொடுத்து, அந்தந்த ஊரில் முகாம் நடத்த வைத்தார்கள். பிறகு அவை கட்டணத்தில் தன் காலில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெண்களைத் தேடி கேர்ள் ஸ்கவுட்ஸ் அமைப்பிடமே போனார்கள்.

அதாவது வலைத்தளத்தில் ஃபாரம் போட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். அரசுப் பள்ளிக் கணக்கு டீச்சர், நூலகர், சர்ச் இளைஞர் குழு நடத்துகிறவர், இவர்களில் ஒருவர் "நீ போ, உனக்கு வரும்" என்று பெயர் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்பினால், அது நூறு நோட்டீசுக்குச் சமம். பதிவு திறந்த அன்றே நிரம்பிவிடுகிறது என்று பெருமைப்படாதீர்கள். முதல் நாள் பதிவு செய்பவர்கள் எல்லாம் விவரம் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள். பாதி இடத்தையாவது ஆசிரியர் பரிந்துரைக்கு ஒதுக்கி வையுங்கள்.

சொல்லித்தருவது யார்? பேராசிரியர்களா?

வேண்டாம், தயவுசெய்து. பேராசிரியர் முதல் நாள் வந்து வணக்கம் சொன்னால் போதும். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள்தான் சரி, அதிலும் முகாமுக்கு வரும் பிள்ளைகள் மாதிரியே இருப்பவர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. எட்டு, பத்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்றால் சமாளிக்கலாம்.

அவர்களுக்கு ஒரே ஒரு விதி: பிள்ளையின் மவுஸைத் தொடாதே. கெட்டிக்கார மாணவர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். பிழையைப் பார்த்ததும் கை தானாகப் போகும், மூன்று கிளிக்கில் சரி செய்துவிட்டு "அவ்வளவுதான்" என்பார்கள். பிள்ளைக்குப் புரிந்தது என்ன? நமக்கு வராது, அந்த அண்ணனுக்குத்தான் வரும் என்பது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "ஆப்பிள் கூடையைத் தொடும்போது என்னென்ன நடக்கணும், வாயால சொல்லு பார்ப்போம்" என்று கேட்கப் பழக வேண்டும். இதற்காகவே முகாமுக்கு முன்னால் ஒரு நாள் பயிற்சி வையுங்கள்.

ஐந்து நாளில் என்ன செய்ய முடியும்?

பெரிதாக ஒன்றும் முடியாது, அதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பிள்ளைகள் மனதில் ஃபோர்ட்நைட் இருக்கும். திங்கள், செவ்வாய் எல்லோரும் ஒரே சின்ன கேம்களைச் செய்யட்டும். புதன் காலை தாளில் வரைந்து சொந்த கேமைத் திட்டமிடட்டும், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு. வியாழன் மதியத்துக்குப் பிறகு புதிதாக எதுவும் சேர்க்கக் கூடாது, இருப்பதை ஓட வைப்பது மட்டும். வெள்ளி மாலை பெற்றோர் வந்து விளையாடிப் பார்க்கட்டும்.

இருவர் இருவராக வேலை செய்ய வைத்தால் ஒருவன் கீபோர்டையே விடமாட்டான், ஆகவே கால் மணிக்கு ஒரு தடவை மணியடித்து இடம் மாற்றுங்கள். நடுவில் வெளியே போய் ஓடியாட ஒரு மணி நேரம் கட்டாயம்.

கணக்கில் சுமாரான பிள்ளையை அனுப்பலாமா?

தாராளமாக. குறையெண் என்றால் என்ன என்று வகுப்பில் விழித்தவன், பாத்திரத்தைக் கீழே இறக்க -5 போடுவான்.

என் மகன் ஏற்கெனவே கேமிலேயே கிடக்கிறான். இதற்கு வேறு பணம் கட்டி அனுப்பணுமா?

அம்மாக்களின் கேள்வி. விளையாடுவது வேறு, செய்வது வேறு. செய்வதில் முக்கால்வாசி நேரம் கேம் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அந்த முறைப்பு பிடிக்கிறதா என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அதுவும் தெரிய வேண்டிய செய்திதான்.

கட்டணம் எவ்வளவு வைப்பது?

பெரிய பல்கலைக்கழக வளாகங்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் தனியார் முகாம்கள் வாரத்துக்கு ஆயிரம் டாலர் வாக்கில் வாங்குகின்றன. நீங்கள் ஆள் சேர்க்க நடத்துகிறீர்கள் என்றால் அந்தப் போட்டிக்குப் போகாதீர்கள். ஆனால் முழு இலவசமும் சிக்கல்: பதிவு செய்துவிட்டு வராமல் போவார்கள், அந்த இடம் வீணாகும். கட்ட முடிந்தவர்களிடம் கட்டணம் வாங்கி, அதிலேயே மற்றவர்களுக்கு உதவித்தொகை கொடுப்பது நடைமுறையில் ஓடுகிறது. மதிய உணவையும் போக்குவரத்தையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ஏழைப் பிள்ளைகள் வராமல் போவது பெரும்பாலும் கட்டணத்தால் இல்லை, காலை எட்டரைக்குக் கொண்டுவந்து விட ஆள் இல்லாததால்.

இதைப் படித்தால் கேம் கம்பெனியில் வேலை கிடைக்குமா?

சிலருக்குக் கிடைக்கும். 2023-ல் மட்டும் கேம் துறையில் பத்தாயிரத்துக்கும் மேல் வேலை போனதாகக் கணக்கு, அடுத்த வருடமும் நிற்கவில்லை. "கேம் டெவலப்பர் ஆகலாம் வாங்க" என்று ஆசைகாட்டிக் கூப்பிடுவது நேர்மையில்லை. சிமுலேஷன், கிராஃபிக்ஸ், மருத்துவப் பயிற்சி மென்பொருள் என்று அதே திறமை போகும் இடங்களைக் காட்டுங்கள். முகாமில் ஒரு மதியம் துறையின் வேறு ஆய்வகம் ஒன்றைச் சுற்றிக்காட்டினாலே போதும்.

ஏ.ஐ.தான் கோட் எழுதுகிறதே, இனி எதற்கு?

மேலே சொன்ன ஆப்பிள் கேமை ஏ.ஐ. அரை நிமிடத்தில் எழுதிக்கொடுக்கும். அதைப் பிள்ளைகளிடமே காட்டலாம், வியாழக்கிழமை. திங்கட்கிழமை காட்டினால், பதினேழைத் தானே ஒன்றாக்கும் அந்தச் சுகம் போய்விடும், முகாமும் அத்தோடு முடிந்தது.

முகாமுக்கு வந்தவர்கள் உண்மையிலேயே படிப்பில் சேர்கிறார்களா? நிதி கொடுத்தவர்கள் கேட்கிறார்கள்.

பெரும்பாலான முகாம்கள் செய்வது திங்கட்கிழமை ஒரு கேள்வித்தாள், வெள்ளிக்கிழமை அதே கேள்வித்தாள். "கம்ப்யூட்டர் எனக்குப் பிடிக்கும்" என்பதற்கு மார்க் ஏறியிருக்கும். ஏறாமல் என்ன செய்யும், அன்றைக்குப் பீட்ஸா வேறு. அது அந்த வெள்ளிக்கிழமையின் சந்தோஷத்தை அளக்கிறது, ஐந்து வருடம் கழித்து எடுக்கும் முடிவை அல்ல.

உண்மையாக அளக்க வேண்டுமானால் பொறுமை வேண்டும். பெற்றோரிடம் முதலிலேயே ஒப்புதல் வாங்கிவைத்தால், பின்னாளில் அந்தப் பிள்ளை எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்பதை கல்லூரிச் சேர்க்கை விவரங்களைத் திரட்டி வைக்கும் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் வழியாகப் பார்க்க முடியும். இடம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் நின்றவர்களின் விவரத்தையும் ஒப்புதலோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வம் அவர்களுக்கும் இருந்தது, முகாம் மட்டும்தான் கிடைக்கவில்லை. அதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது.

முகாம் முடிந்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

இதை விட்டுவிடுவதால்தான் முக்கால்வாசி முகாம்கள் வீண். ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது அந்தப் பிள்ளையின் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடமே இல்லை என்றால் ஜூலையின் சூடு எத்தனை நாள் இருக்கும்? கூப்பிடும் முன்பே எந்தப் பள்ளியில் அந்தப் பாடம் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். இல்லாத பள்ளியின் ஆசிரியர் ஒருவரையும் முகாமுக்குள் கொண்டுவாருங்கள், பிள்ளையாக அல்ல, உதவியாளராக.

ஜார்ஜியாவில் எரிக்சன் இதன் அடுத்த படிக்கும் போனார். ரைஸ் அப் ஃபார் சி.எஸ். என்ற திட்டத்தில், ஏ.பி. (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரப் பாடத் தேர்வு) கம்ப்யூட்டர் சயின்ஸ் தேர்வுக்குத் தயாராகும் கறுப்பின மாணவர்களுக்கு உதவி வகுப்புகள் நடத்தி, தேர்ச்சி பெற்றால் நூறு டாலரும் கொடுத்தார். கார்னகி மெலனும் 1990-களின் கடைசியில் கோடையில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, சேர்க்கையில் முன்அனுபவத்துக்குக் கொடுத்த எடையைக் குறைத்தது. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸில் சேரும் பெண்களின் பங்கு 1995-ல் 7 சதவீதம், 2000-ல் 42 சதவீதம். முகாமின் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே சேர்க்கை அலுவலகத்தின் கதவைப் பழையபடி சாத்தி வைத்தால் எப்படி?

அடுத்த கோடைக்கு நடத்த நினைக்கிறோம். எப்போது ஆரம்பிப்பது?

ஜனவரி. முதலில் சட்ட விஷயம்: பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வளாகத்துக்கு வந்தால் உதவியாளர்கள் எல்லோருக்கும் பின்னணிச் சோதனை கேட்பார்கள், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் ஆன்லைன் அக்கவுன்ட் திறக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். முடிந்தால் அக்கவுன்டே இல்லாமல் ஆஃப்லைனில் நடத்திவிடுங்கள்.

பிப்ரவரிக்குள் பள்ளி ஆசிரியர்களுக்குக் கடிதம். ஏப்ரலில் லேப் நிர்வாகியைப் பார்த்து, என்ன மென்பொருள் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், பிறகு மே மாதம் நேரில் போய் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கெஸ்ட் லாகினில் அது திறக்கிறதா என்று பாருங்கள். "போட்டாச்சு" என்று மெயிலில் பதில் வரும். நம்பாதீர்கள். ஹெட்போன் ஜாக்கையும் அப்படியே சோதித்துவிடுங்கள், இருபது கேம் ஒரே நேரத்தில் சத்தம் போட்டால் பக்கத்து அறையில் கோடை வகுப்பு எடுப்பவர் கதவைத் தட்டுவார்.